வினவும் முறை

வினா எழுப்புதல் எளிது. செவ்வனே வினவுதல் அரிது. நம் இலக்கண நூலார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என அறுவகையாகப் பகுத்தனர். தாம் அறிந்த பொருளை மாணாக்கன் அறிந்துளனோ என்று சோதிக்க ஆசிரியர் வினவுவது அறிவினா. தாம் அறியாததை அறிந்துகொள்ளும் பொருட்டு வினவுவது அறியாவினா. ஒருவரை ஒரு செயலின்கண் ஏவும் கருத்தோடு வினவுவது ஏவல்வினா. இவற்றைப் பாடத்திற் படித்துத் தேர்வில் எழுதிய பின்னர் நம்முட் பலர் மறந்துவிடுகின்றோம். ஆயினும், கையிற் பட்டியலுடன் ஓர் ஊருக்குட் புகுந்து வீடுதோறும் செய்தி திரட்டும் மாணவர்க்கு இப்பாகுபாடு பெரிதும் பயன்படுவதாகும். அவர் கேட்கவேண்டியது அறியாவினா. அவர் பட்டியலிற் காணப்படுவனவோ, பல வேளைகளில், அறியாவினாவின் வேடம் புனைந்த அறிவினாக்களும் ஏவல்வினாக்களுமேயாம்.

பொருளியலும் சமூகவியலும் பயிலும் மாணவரும், நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்குச் செல்லும் மாணவரும் சிற்றூர்கட்குச் சென்று குடும்பங்களைக் கண்டு செய்தி திரட்டி வருகின்றனர். திரும்பி வந்து கணக்கிடும்போது விடைகள் ஒன்றோடொன்று முரண்பட்டு நின்றால், ஊரார் உண்மை உரைப்பதில்லை என்று முடிவு கட்டிவிடுதல் நம்மிடையே வழக்கமாய்விட்டது. இம்முடிவு பெரும்பாலும் பொருந்தாதென்பதே யாம் ஈண்டு நிறுவப் புகுந்த பொருள். முன்பின் அறியாத ஒருவர் வாயிலில் வந்து நிற்க, கைவேலையை நிறுத்தி, அவர்க்குப் பாய் விரித்து, குடிக்க நீரும் தந்து, தம் குடும்பச் செய்திகளை உரைக்கும் மக்கள் காரணமின்றிப் பொய் கூறுவரோ? அவர்கள், தம்மைக் கேட்டதாகத் தாம் எண்ணிய வினாவிற்கு விடை தருகின்றனர். அவ்விடை நமக்கு உதவாததாயின், குறை முதற்கண் வினவியவர்பாலதே. அக்குறையின் தீங்கோ ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. கணக்கில் ஏறாத குழந்தைக்குப் பள்ளியில் இடம் வகுக்கப்படுவதில்லை. கணக்கில் ஏறாத உழைப்பாளியை எந்தத் திட்டமும் நாடி வருவதில்லை.

நம் மாநிலத்துக் கல்லூரி மாணவர்க்கு இத்தொழில் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியற் பேராசிரியராய் அமர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்பார், 1916-ஆம் ஆண்டில் தம் மாணவரைக் கொண்டு சிற்றூர்களை வீடுவாரியாக ஆராயும் பணியைத் தொடங்கினார். அவர்கள் திரட்டிய செய்திகள் 1918-இல் நூலாக வெளிவந்தன. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, இராமநாதபுரச் சீமை வடமலைபுரம், திருநெல்வேலிச் சீமைக் கங்கைகொண்டான், தஞ்சைச் சீமைப் பாலக்குறிச்சி, வடார்க்காட்டுத் தூசி முதலிய ஊர்கள் அந்நூலில் இடம்பெற்றன. ஏறக்குறைய இருபதாண்டு கழித்து பி. ஜே. தாமஸ், கே. ஸி. ராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் அவ்வூர்களை மீண்டும் ஆராய்வித்து, 1940-இல் அதன் பயனை வெளியிட்டனர். இருவேல்பட்டைப் பற்றிய பிற்கால ஆராய்ச்சிகள் 1983-இலும் 2010-இலும் வெளிவந்தன. அவற்றுள் பின்னையது 1916 முதல் 2008 வரை அவ்வூரின் நிலமும் கூலியும் சாதியும் மாறிய வரலாற்றைக் கூறுவது. மாணவர் கைப்பட எழுதிய ஏடு ஒரு நூற்றாண்டின் வரலாற்றுக்கு அடிப்படையாய் அமைந்தமை காண்க. இன்று நாம் வினவும் வினாவும் எண்பது ஆண்டு கழித்து எவரோ ஒருவர் கையில் உரைகல்லாகக்கூடும். ஆதலின் அதனை எவ்வாறு அமைத்தல் வேண்டுமென்பதை முறையே ஆராய்வாம்.

முதலாவது, வினாவிலுள்ள சொல் வினவுவார்க்கும் விடை தருவார்க்கும் ஒரு பொருளே தருதல் வேண்டும். இதற்கு 'வேலை' என்னும் சிறு சொல்லினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. விடியுமுன் எழுந்து, மாட்டுத் தொழுவம் கூட்டி, பால் கறந்து, தம் சொந்தக் கொல்லையிற் களை பறித்து, மாலையில் நெல் அவித்துக் காயவைக்கும் ஒரு பெண்மணியை நோக்கி, "அம்மா, நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டால், "இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்பதே விடையாகும். அவர் பொய் கூறவில்லை. 'வேலைக்குப் போதல்' என்பது பிறரிடம் கூலிக்கோ சம்பளத்துக்கோ செல்லுதலையே அவர் வழக்கிற் குறிக்கும். கேட்டவர் 'உழைப்பு' என்று எண்ணிக் கேட்டார். கேட்கப்பட்டவர் 'கூலி' என்று எண்ணி விடையளித்தார். ஏட்டிலோ 'தொழில் இல்லை' என்று பதிவாகிவிட்டது.

இஃது ஓரிரு வீடுகளில் நேரும் பிழையன்று. ஒரு நாட்டின் கணக்கையே மாற்றவல்லது. திருமறையின் தமிழ்மொழிபெயர்ப்பிற் குடிமதிப்பு எனவும், நம் பாட்டனார் நாளிற் கானேஷுமாரி எனவும் வழங்கப்பட்ட மக்கட்கணக்கெடுப்பு, இந்தியாவில் 1881 முதல் பத்தாண்டுக்கொருமுறை நாடு முழுவதும் ஒருங்கே எடுக்கப்படலாயிற்று. 1961-ஆம் ஆண்டுக் கணக்கில், பயிர்த்தொழில் போன்று பருவத்தைப் பொறுத்த தொழிலில், பருவத்தின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காக உழைத்தவரும் உழைப்பாளராகவே எண்ணப்பட்டனர். 1971-இலோ, ஒருவருடைய தலைமையான அலுவல் யாது என்று முதலில் வினவப்பட்டது. வயலிலும் உழைத்து வீட்டையும் காக்கும் பெண்ணுக்குத் தலைமையான அலுவல் வீட்டலுவல் என்றே எழுதப்பட்டது. விளைவு யாது? அப்பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகை பெருகியிருந்தும், பெண் உழைப்பாளர் தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாகக் கணக்குக் காட்டிற்று. பெண்கள் கலப்பையையும் அரிவாளையும் கைவிட்டதாற் பெரும்பாலும் நேர்ந்த குறைவன்று அது. வினா மாறியதே அதன் பெருங்காரணம். பின்னர் 1991-இல், சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் ஊதியமின்றிச் செய்யும் உழைப்பும் அடங்கும் என்னும் விளக்கம் வினாவிலேயே சேர்க்கப்பட்டது. 2001-இல், வீட்டுத் தேவைக்காகப் பால் உற்பத்தி செய்தலும் உழைப்பாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இவ்விடர்ப்பாட்டினின்று தப்பும் வழி ஒன்றுண்டு. பொருள் ஐயத்திற்கிடமான பொதுச்சொல்லை விடுத்து, நிகழ்ந்த செயல்களையே வினவுதல் அது. "நேற்று எழுந்தது முதல் படுக்கும் வரை என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்டு வரிசையாக எழுதிக்கொண்டால், எது வேலை, எது வேலையன்று என்று தீர்மானிக்கும் பொறுப்பு அப்பெண்மணியின் தலையினின்று நீங்கி ஆராய்வார் தலைமேல் வந்துவிடும். 1998-99-இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களிலும், 2019-இல் நாடு முழுவதிலும் நடைபெற்ற காலப்பயன் ஆய்வுகள் இம்முறையைத் தழுவியனவே. 2019-ஆம் ஆண்டு ஆய்வில், முதல்நாள் விடியற்காலை 4 மணி தொடங்கி மறுநாள் விடியற்காலை 4 மணி வரையுள்ள பொழுது அரைமணிக் கூறுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கூற்றிலும் செய்தது யாது என்று வினவப்பட்டது. 'சும்மா இருத்தல்' என்பது எத்துணை உழைப்பை உள்ளடக்கியதென்பது இத்தகைய வினாவினாலேயே வெளிப்படும்.

'பிள்ளை' என்னும் சொல்லும் இவ்வாறே எச்சரிக்கையோடு ஆளத்தக்கது. "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டவிடத்துச் சிலர் ஆண்மக்களை மட்டும் எண்ணுவர், சிலர் மணம்புரிந்து வேற்றூர் சென்ற மகளிரை விட்டுவிடுவர். பிறந்து சில நாளில் இறந்த குழவியைப் பலர் கூறார். மறந்தமையாலன்று, கேட்டவர் அதனைக் கேட்கின்றார் என்று அவர் கருதாமையாலும், அத்துயரை வாயிலில் நிற்கும் அயலார்முன் எடுத்துரைக்க மனம் ஒவ்வாமையாலும் ஆம். அதனாலேயே 1992-93-இல் தொடங்கிய தேசியக் குடும்பநல ஆய்வில் இவ்வொரு வினா பலவாகப் பிரிக்கப்பட்டுள்ளது. உடன் வாழும் ஆண்மக்கள் எத்தனை பேர், பெண்மக்கள் எத்தனை பேர். வேறிடத்து வாழும் ஆண்மக்கள் எத்தனை பேர், பெண்மக்கள் எத்தனை பேர். பிறந்து பின் இறந்தோர் உளரோ என்று தனித்தனியே வினவுவர். ஐந்து சிறு வினாக்கள் தரும் உண்மையை ஒரு பெருவினா தரமாட்டாது. சிசு மரணத்தைக் குறைப்பதற்கான முயற்சியெல்லாம் இறந்த குழவியைப் பற்றிய அந்த இறுதி வினாவைத் தாழ்ந்த குரலில், பொறுமையோடு கேட்கக் கற்றவர்களை நம்பியே நிற்கின்றது.

இரண்டாவது, வினா தன் விடையைத் தானே சுமந்து செல்லலாகாது. இத்துறையில் மேதையர்க்கும் இடறல் நேர்ந்துள்ளது. உயிர்களின் தோற்றம்பற்றி ஆராய்ந்த சார்லஸ் டார்வின், மனவுணர்ச்சிகள் முகத்தில் வெளிப்படும் விதம் எல்லா இனத்தார்க்கும் ஒன்றோ எனத் துணியவிரும்பி, 1867-இல் ஒரு வினாப்பட்டியலை உலகின் பல பகுதிகட்கும் அனுப்பினார். அவர்க்கு விடை எழுதிய 36 பேருள் சமயத் தொண்டர் பலர் இருந்தனர். நினைவை நம்பாது நேரிற் கண்டதையே எழுதுமாறு அவர் வேண்டிக்கொண்டது போற்றத்தக்கது. ஆயினும் அவர்தம் முதல் வினா, வியப்பு நேருங்கால் கண்ணும் வாயும் அகல விரிந்து புருவங்கள் உயருகின்றனவா என்பதாக அமைந்தது. எதிர்பார்த்த விடையை அவ்வினாவே எடுத்துரைத்துவிட்டது; விடை எழுதுவார்க்கு 'ஆம்' என்னும் ஒரு சொல்லே எஞ்சியது. வியப்புற்றவர் முகம் எவ்வாறு மாறுகின்றது என்று கேட்டிருப்பின், கண்டதைக் கண்டபடி எழுத இடமிருந்திருக்கும்.

தமிழில் இப்பிழை நுழைதற்கு ஒரு சிறு இடைச்சொல்லே போதும். "பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள் அல்லவா?" என்றும், "கழிப்பறையைத்தானே பயன்படுத்துகிறீர்கள்?" என்றும் கேட்பது, அறியாவினாவின் வடிவிலுள்ள ஏவல்வினாவே. வந்திருப்பவர் படித்தவர், அவர் விரும்பும் விடை இன்னதென்று தெரிகின்றது, அதனை மறுத்துரைத்தல் மரியாதையன்று என்று எண்ணும் பண்பு நம் மக்களிடத்து மிகுதி. ஆகவே 'ஆமாம்' என்பர். "இவ்வாரத்தில் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்குப் போனான்?" என்று கேட்பின், இரண்டு நாள் என்றோ போகவில்லை என்றோ கூறுதற்கு அவர்க்குக் கூச்சம் குறையும்.

சொல்லின் சாயலே விடையை மாற்றவல்லது என்பதற்கு அமெரிக்க நாட்டு ஆய்வொன்று சான்றாகும். குடியாட்சிக்கு எதிரான பொதுக்கூட்டப் பேச்சுகளை அனுமதிக்கவேண்டுமா என்று ஒரு சாராரையும், தடை செய்யவேண்டுமா என்று மற்றொரு சாராரையும் வினவியபோது, முன்னவருள் நூற்றுக்கு 62 பேர் அனுமதிக்கலாகாது என்றனர். பின்னவருள் நூற்றுக்கு 46 பேரே தடை செய்யவேண்டும் என்றனர். 1941-இல் டொனால்டு ரக் என்பார் இதனை வெளியிட்டார். அனுமதியாமையும் தடுத்தலும் பொருளால் ஒன்றே. எனினும் 'தடை' என்னும் சொல்லின் கடுமை பலரைப் பின்வாங்கச் செய்தது.

எதிர்மறைமேல் எதிர்மறை அடுக்குதல் இதனினும் கேடு தருவது. 1992-இல் ரோப்பர் நிறுவனத்தார் அமெரிக்கரிடம், யூதமக்களை நாஜியர் கொன்றொழித்த நிகழ்ச்சி நடவாதிருத்தல் கூடுவதாகத் தோன்றுகின்றதா, கூடாததாகத் தோன்றுகின்றதா என்னும் கருத்தமைந்த வினாவொன்றைக் கேட்டனர். நூற்றுக்கு 22 பேர் கூடும் என்றதாகக் கணக்கு வர, நாடே திடுக்குற்றது. 1994-இல் அவ்வினாவைத் தெளிவான சொற்களால் மாற்றிக் கேட்டபோது அத்தொகை நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவிற்குச் சுருங்கிற்று. மக்கள் வரலாற்றை மறுக்கவில்லை. வினாவின் முடிச்சையே அவிழ்க்கமாட்டாது தடுமாறினர். நம் மொழியிலும், "நீங்கள் ரேஷன் அரிசி வாங்குவதில்லையா?" என்று கேட்டால், 'ஆமாம்' என்னும் விடைக்கு 'ஆம், வாங்குவதில்லை' என்பதும், 'வாங்குகிறோம்' என்பதும் ஆகிய இருபொருளும் கொள்ளலாகும். ஒரு மாணவர் ஒன்றை எழுதுவார். மற்றொருவர் பிறிதொன்றை எழுதுவார். இருவரும் நேர்மையாளரே, ஏடுகள் மட்டும் முரண்படும்.

மூன்றாவது, ஒரு வினா ஒன்றனையே கேட்டல் வேண்டும். "ஊரில் குடிநீரும் தெருவிளக்கும் ஒழுங்காக உள்ளனவா?" என்றால், குடிநீர் இருந்து விளக்கில்லாத தெருவினர் யாது கூறுவர்? 'உம்' என்னும் இடைச்சொல் இருமுறை வந்த வினாவைக் கண்டால், அதனை இரண்டாக்கத் தகுமோ என்று நின்று நோக்குதல் நலம். விடைகளை முன்னரே வகுத்துக் கொடுப்பதாயின், அவ்வகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும், இடையே விடுபாடின்றியும் இருத்தல் வேண்டும். '1 முதல் 5 ஏக்கர்', '5 முதல் 10 ஏக்கர்' என வகுப்பின், 5 ஏக்கர் உடையவர் எவ்வகையுள் அடங்குவர்? நிலமே இல்லாதவர்க்கு இடம் எங்கே? 'தெரியாது' என்பதற்கும், 'கூற விருப்பமில்லை' என்பதற்கும் தனித்தனி இடம் வைத்தல் இன்றியமையாதது. அவ்விடமில்லாத பட்டியல், அறியாதவரையும் ஏதேனும் ஒன்று கூறுமாறு வற்புறுத்துகின்றது.

நான்காவது, மக்களின் நினைவாற்றலுக்கு எட்டியதையே வினவுதல் வேண்டும். நெடுங்காலத்தைப் பற்றிக் கேட்டால் சிறு செலவுகள் மறந்துபோம். குறுங்காலத்தைப் பற்றிக் கேட்டால் அதற்கு முன் நடந்ததும் அக்காலத்துள் நடந்ததுபோல் வந்து புகும். இவ்விரு பிழைகளும் எதிர்த் திசைகளில் இழுப்பன. தேசிய மாதிரி ஆய்வினர் 1994 முதல் 1998 வரை உணவுச் செலவைச் சில குடும்பங்களில் 30 நாளுக்கும், வேறு சிலவற்றில் 7 நாளுக்கும் வினவிச் சோதித்தனர். 7 நாள் வினா மிகுதியான செலவைக் காட்டிற்று. அதனைக் கொண்டு கணக்கிடின் நாட்டின் வறியோர் தொகை ஏறக்குறையப் பாதியாகும் நிலை ஏற்பட்டது. பின்னர் 1999-2000-இல் ஒரே குடும்பத்தாரிடம் இரு காலங்களையும் அடுத்தடுத்த நிரல்களில் வினவினர். ஒரு விடை மற்றதனைத் தனக்கேற்பத் திருத்திக்கொள்ளுமாதலின் அக்கணக்கை முந்தியவற்றோடு ஒப்பிடலாமா என்னும் வழக்குப் பல்லாண்டு நீடித்தது. கோடிக்கணக்கான மக்கள் வறியவரா அல்லரா என்பது ஒரு வினாவிலுள்ள நாட்கணக்கைப் பொறுத்து நின்றமை எண்ணுதற்குரியது.

வயதைக் கேட்பதும் இத்தகையதே. பிறந்த நாளைக் குறித்துவையாத முதியோர் நாற்பது, ஐம்பது, அறுபது என்று முழு எண்ணாகவோ, ஐந்தில் முடியும் எண்ணாகவோ கூறுவர். அதனால் நம் நாட்டு மக்கட்கணக்கின் வயது நிரலில் 0-இலும் 5-இலும் முடியும் எண்கள் குன்றுபோல் உயர்ந்து நிற்கும். "தனுஷ்கோடிப் புயலின்போது நீங்கள் எவ்வளவு பெரியவர், தாத்தா?" என்று இராமேசுவரத்தார் ஒருவரைக் கேட்டால், 1964-ஆம் ஆண்டு நம் கைக்கு வந்துவிடும். ஓராண்டைக் குறிப்பதற்கும் 'சென்ற வருஷம்' என்னாது, 'போன பொங்கலிலிருந்து இந்தப் பொங்கல் வரை' என எல்லை காட்டுதல் தெளிவு. அளவுகளும் அவ்வாறே. தஞ்சை உழவர் 'மா' என்றும் 'குழி' என்றும் கூறுவாராயின், அவரை ஏக்கராக மாற்றச் சொல்லி வருத்தாது அவர் கூறியவாறே எழுதிக்கொண்டு, மாற்றும் கணக்கை நாமே செய்துகொள்ளுதல் முறை. நாட்கூலியாளரிடம் மாத வருமானம் யாதென்று கேட்பது, அவரிடம் இல்லாத ஒன்றைக் கேட்பதாகும். சென்ற வாரத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, நாளொன்றுக்குக் கூலி எவ்வளவு, கூலியோடு உணவும் உண்டா என்று கேட்பின், ஒவ்வொன்றுக்கும் அவர் தயங்காது விடை கூறுவர்.

ஐந்தாவது, வினாக்களின் வரிசை. முன்வினா பின்வினாவின்மேல் நிழலிடும். 1948-இல் அமெரிக்கரை நோக்கி, பொதுவுடைமை நாட்டுச் செய்தியாளரைத் தம் நாட்டிற்குள் விடலாமா என்று முதற்கண் கேட்டபோது நூற்றுக்கு 36 பேரே இசைந்தனர். அமெரிக்கச் செய்தியாளரை ருஷ்யாவிற்குள் விடவேண்டுமா என்று முன்னர்க் கேட்டுவிட்டுப் பின்னர் இதனைக் கேட்டபோதோ நூற்றுக்கு 73 பேர் இசைந்தனர். நமக்கொரு நீதி, பிறர்க்கொரு நீதியா என்னும் எண்ணம் இடையே புகுந்ததே காரணம். ஆதலின் பொதுவானதை முன்னும் நுண்ணியதைப் பின்னும் வைத்தலும், எளியவற்றால் தொடங்கி, கடன், நோய், குடும்பத் துன்பம் ஆகியவற்றை நம்பிக்கை பிறந்த பின்னர்க் கேட்டலும் தக்கன.

இவ்வளவும் சொல்லமைப்பைப் பற்றியன. வினவுவாரின் ஒழுக்கமும் வினாவின் ஒரு பகுதியே என்பதனை இறுதியாக வற்புறுத்த விரும்புகின்றோம். வாயிலில் நின்றவுடன் தாம் யார், எக்கல்லூரியினர், எதன்பொருட்டுக் கேட்கின்றோம், விடை எவ்வாறு பயன்படும் என்பவற்றைக் கூறுதல் வேண்டும். விடை தர மறுக்கும் உரிமை அவர்க்குண்டென்பதையும் கூறுதல் வேண்டும். அரசாங்க உதவி வாங்கித் தருவதாக மறைமுகமாகவேனும் ஆசை காட்டலாகாது. ஆசை காட்டியவிடத்து வறுமை பெருகும், நிலம் சுருங்கும். ஊர்த்தெருவாயினும் சேரியாயினும், காரை வீடாயினும் குடிசையாயினும், விடை தருபவரை 'நீங்கள்' என்றே விளித்தல் வேண்டும். தம் பேரன் வயதினர் ஒருவர் 'நீ' என்று அழைக்கக் கேட்ட முதியவர், அதன்பின் கூறுவதெல்லாம் அவரை விரைவில் அனுப்பிவிடும் பொருட்டுக் கூறியதாகவே இருக்கும். பெண்களைப் பற்றிய செய்தியைப் பெண்களிடமே, கூடுமாயின் பெண் மாணவரே, பிறர் செவியிற் படாதவாறு கேட்டல் நன்று. திண்ணையில் அமர்ந்த கணவர், உள்ளிருக்கும் மனைவியின் உழைப்பையும் நோயையும் பற்றித் தாமே விடை கூறிவிடுவதைப் பல இடங்களிற் காண்கின்றோம். அவர் கூறியது அவர் அறிந்த அளவே.

பட்டியல் ஆங்கிலத்தில் வகுக்கப்பட்டதாயின், வாயிலில் நின்று அவரவர் மனம்போல் மொழிபெயர்த்துக்கொள்ள விடுதல் பெருங்கேடு. முப்பது மாணவர் முப்பது விதமாக வினவுவர். 'குடும்பம்' என்பது ஓரிடத்துக் கூட்டுக்குடும்பத்தையும், ஓரிடத்து மனைவி மக்களை மட்டும் குறிக்கும். ஒரே அடுப்பிற் சமைத்துண்டு உடன் வாழ்வோரை ஒரு குடும்பமாகக் கொள்வது மக்கட்கணக்கெடுப்பின் வழக்கு. இத்தகைய விளக்கங்களை முன்னரே அவ்வூர்ப் பேச்சுவழக்கில் எழுதி, எல்லாரும் ஒருபடித்தாய்க் கேட்குமாறு பயில்வித்தல் வேண்டும். தமிழில் எழுதியதனை, மூலத்தைக் காணாத மற்றொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்தில் எழுதுவித்து ஒப்பு நோக்கின், பொருள் பிறழ்ந்த இடங்கள் தாமே வெளிப்படும். பின்னர் அயலூர் ஒன்றில் பத்து வீடுகளில் அப்பட்டியலைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். "இப்போது நான் கேட்டதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள், ஐயா" என்று வேண்டினால், நாம் எண்ணிய வினாவும் அவர் செவியிற் பட்ட வினாவும் ஒன்றோ இரண்டோ என்பது நொடியில் விளங்கும். வேறாயின், திருத்தப்பட வேண்டியவர் அவரல்லர், பட்டியலே.

மாணவ அன்பர்களே! வரும் விடுமுறையில் உங்களுட் சிலர் பட்டியலேந்திச் சிற்றூர்கட்குச் செல்வீர்கள். செல்லுமுன் ஒவ்வொரு வினாவையும் எடுத்து, இதன் விடை நமக்கு உண்மையிலேயே தெரியாதா, தெரிந்தால் அதனைக் கொண்டு யாது செய்யப்போகின்றோம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தக்க விடை கிடையாத வினாவைக் கோடிட்டு நீக்குங்கள். பட்டியல் பாதியாய்ச் சுருங்கினும் இழுக்கில்லை. அந்த அளவுக்கு ஓர் உழவரின் பொழுது மீந்தது. எஞ்சிய வினாக்களைச் செவ்வையாகக் கேளுங்கள். கேட்ட சொல்லையும், அதற்கு நீங்கள் கொண்ட பொருளையும் விடையோடு சேர்த்துப் பதிந்துவையுங்கள். கணக்கு முடிந்தபின் அவ்வூருக்கு மீண்டும் சென்று, கண்டதை ஊரார் முன் படித்துக்காட்டுங்கள். "இது சரியன்று" என்று அவர்களுள் ஒருவர் எழுந்து கூறுவாராயின், அதனையும் எழுதிக்கொள்ளுங்கள். அவ்வூரைப் பற்றி அவரினும் நன்கறிந்தவர் எவர்?